தலையணைக் கணக்கை டாக்டரிடம் சொன்னீர்களா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். வயது 49. மீன் கம்பெனி ஒன்றில் ஆறு வருடமாக லோடு வேன் ஓட்டுகிறார். ஐஸ் பெட்டி ஏற்றி இறக்குவதும் அவர் வேலைதான். சம்பளம் 17,000 ரூபாய், இஎஸ்ஐ பிடித்தம் உண்டு. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதும் மாலையில் கால் வீங்குவதும் இரண்டு மாதமாக இருந்திருக்கிறது. வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்திருக்கிறார். ஒருநாள் பெட்டி தூக்கும்போது மூச்சு முட்டிப்போய், புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை. ஆனால் எக்கோவில் இதயம் பெரிதாகியிருக்கிறது, பம்ப் செய்யும் திறன் 28 சதவீதம். 'டைலேட்டட் கார்டியோமயோபதி, ஹார்ட் ஃபெயிலியர்' என்று எழுதி ஐந்து வகை மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இது நடந்து ஆறு வாரம் ஆகிறது.

அவர் கேட்பவை இவை. "28 சதவீதம்தான் வேலை செய்கிறது என்றால் எனக்கு இன்னும் எவ்வளவு நாள், டாக்டர் ஐயா? அடைப்பே இல்லாதவனுக்கு எப்படி இதய நோய்? எனக்குச் சர்க்கரை இல்லை, பிபியும் 100/70தான். பிறகு ஏன் சர்க்கரை மாத்திரையும் பிபி மாத்திரையும்? நெஞ்சில் கருவி வைக்கச் சில லட்சம் ஆகலாம் என்றார்கள். மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் மூன்று சென்ட் மனையை விற்கட்டுமா? மூன்று மாதம் கழித்து மாத்திரையை நிறுத்திவிட்டு மருதம்பட்டைக் கஷாயத்துக்கு மாறலாமா?"

போகிற போக்கில் எழுதிய மூன்று விஷயங்களும் உண்டு. பதினைந்து வருடமாகத் தினமும் ஒரு குவார்ட்டர் பழக்கம்; மருத்துவமனையில் கேட்டபோது 'எப்பவாவது' என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் 41 வயதில் தூக்கத்திலேயே இறந்துபோனார். வண்டி ஓட்டும் நாளில் நீர் மாத்திரை போடுவதில்லை. கடைசிப் பக்கத்தின் பின்புறம் வேறு கையெழுத்தில் அவருடைய மனைவி இரண்டு வரி சேர்த்திருக்கிறார்: "உப்பை நிறுத்திவிட்டு இந்துப்புதான் போடுகிறேன். போன வாரத்திலிருந்து மூன்று தலையணை வைத்துத்தான் தூங்குகிறார், அதை அவர் எழுதவில்லை."

அன்புள்ள ஐயா, உங்கள் நான்கு பக்கத்தைவிட அந்த இரண்டு வரிதான் என்னை முதலில் நிறுத்தியது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

படுத்தால் மூச்சு முட்டி, தலையணையை அடுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால் நுரையீரலில் நீர் சேர்கிறது என்று அர்த்தம். பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், நீங்கள் படுத்ததும் ரத்தத்தோடு மேலே வருகிறது. தளர்ந்த இதயத்தால் அதைச் சமாளிக்க முடிவதில்லை. மருத்துவமனையை விட்டு வரும்போது ஒரு தலையணையில் தூங்கிய மனிதர் இப்போது மூன்றில் தூங்குகிறார் என்றால், நிலைமை நல்ல பக்கம் போகவில்லை. அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்க வேண்டாம். இதைப் படித்த மறுநாளே உங்கள் டாக்டரைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, மயக்கம் வந்தாலோ, நெஞ்சு படபடவென்று அடித்து நிற்காமல் போனாலோ மறுநாளும் வேண்டாம், உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

28 என்பது பரீட்சை மார்க் இல்லை

எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்த எல்லோருக்கும் வரும் பயம்தான் உங்களுக்கும் வந்திருக்கிறது: நூற்றுக்கு 28, அப்படியானால் 72 போய்விட்டது. அது அப்படியில்லை. நல்ல இதயம்கூட ஒரு துடிப்பில் நூறு சதவீதத்தை வெளியே தள்ளாது. ஏறக்குறைய 55 முதல் 70 வரைதான் இயல்பு. இடது அறையில் 120 மில்லி ரத்தம் இருந்தால் 70 மில்லிபோல வெளியே போகும், மீதி உள்ளேயே நிற்கும். உங்கள் இதயம் விரிந்திருக்கிறது. விரிந்த அறையில் 200 மில்லி பிடிக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதில் 28 சதவீதம் 56 மில்லி. 70 போக வேண்டிய இடத்தில் 56 போகிறது. குறைவுதான், ஆனால் நீங்கள் நினைத்து நடுங்கிய அளவுக்கு இல்லை. இதயம் விரிவது, கொஞ்ச காலத்துக்கு, அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. அந்த வழி நீடித்தால் தசை இன்னும் தளரும். அதைத் தடுக்கத்தான் மாத்திரை.

'ஹார்ட் ஃபெயிலியர்', அதாவது இதயச் செயலிழப்பு, என்ற பெயரும் பயமுறுத்துகிறது. இதயம் நின்றுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. உடம்பு கேட்கிற அளவுக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். இது லேசான நோய் என்று சொல்லி உங்களை ஏமாற்றவும் மாட்டேன். இது உயிருக்கு ஆபத்தான நோய், சிலருக்கு எல்லா மருந்தும் கொடுத்தும் தேறுவதில்லை. ஆனால் சரியான மாத்திரைகளைச் சரியான அளவில் சாப்பிட்டுச் சில மாதங்களில் 28 என்பது 40, 45 என்று ஏறியவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். நீங்கள் எந்தப் பக்கம் போவீர்கள் என்று ஆறாவது வாரத்தில் யாராலும் சொல்ல முடியாது. நாள் குறித்துச் சொல்பவரை நம்பவும் வேண்டாம்.

அடைப்பு இல்லாமல் எப்படி என்று கேட்டீர்கள். நீங்கள் வண்டிக்காரர், உங்களுக்குச் சட்டென்று புரியும். ஆஞ்சியோ பார்ப்பது டீசல் குழாயை. குழாய் சுத்தமாக இருக்கிறது, இன்ஜின்தான் தளர்ந்திருக்கிறது. வைரஸ் காய்ச்சல், குடி, பரம்பரை, நாள்பட்ட ரத்தக் கொதிப்பு என்று தசை தளரக் காரணம் பல. பலருக்குக் காரணம் பிடிபடுவதே இல்லை.

ஆள் மாறி எழுதவில்லை

மருந்துச் சீட்டை நீங்கள் அப்படியே நகல் எடுத்து எழுதியது நல்ல காரியம். டாபாக்ளிஃப்ளோசின் முதலில் சர்க்கரை நோய்க்கு வந்த மாத்திரைதான். 2019இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 4,744 இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு அதையோ வெற்று மாத்திரையையோ கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. அவர்களுக்கும் பலன் கிடைத்தது. சர்க்கரை இல்லாதவருக்கு இது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவதில்லை. ஆனால் சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை காட்டும். லேபில் யாராவது 'உங்களுக்குச் சுகர்' என்று சொன்னால் பதற வேண்டாம். சர்க்கரை கலந்த சிறுநீர் என்பதால் பிறப்புறுப்பில் அரிப்பு வரலாம், கழுவிச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்டோப்ரோலாலும் சாக்குபிட்ரில்–வால்சார்டனும் உங்களுக்கு பிபிக்காகக் கொடுக்கப்படவில்லை. இதயம் தளர்ந்ததும் உடம்பு சில ஹார்மோன்களை அள்ளி விட்டு அதைச் சாட்டையால் அடிப்பதுபோல விரட்டும். அந்த அடியை இந்த மாத்திரைகள் தாங்கிக்கொள்கின்றன. பிபி 100 என்பது தலைசுற்றல் இல்லாதவரை உங்களுக்கு நல்ல எண். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். பிபி 100தான் என்று நீங்களே மாத்திரையைப் பாதியாக உடைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், டாக்டர் போகப் போக அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். குறைந்த அளவிலேயே நின்றுவிட்டால் முழுப் பலன் கிடைக்காது.

நான்காவது ஸ்பைரோனோலாக்டோன். இது பொட்டாசியத்தை ஏற்றிவிடக்கூடும். ஆரம்பித்த முதல் சில வாரங்களில் ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்தப் பரிசோதனை பற்றி ஒன்றுமே இல்லை. பார்த்தார்களா என்று கேளுங்கள். இன்னொன்று, ஆண்கள் வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம்: சிலருக்கு இதனால் மார்பு வீங்கி வலிக்கும். வந்தால் சொல்லிவிடுங்கள், மாற்று மாத்திரை இருக்கிறது. வெட்கத்தில் நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்து மூச்சு முட்ட வருபவர்கள் உண்டு.

ஐந்தாவது அந்த நீர் மாத்திரை. மேலே சொன்ன நான்கும் இதயத்தைத் தேற்றுபவை, இது தேங்கிய நீரை வெளியேற்றுவது மட்டும். ஆனால் இன்றைக்கு உங்கள் மூச்சைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது இதுதான். வண்டி ஓட்டும் நாளில் விட்டுவிடுகிறீர்கள், வாரத்தில் ஆறு நாள் ஓட்டுகிறீர்கள். மூன்று தலையணை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது என்ற உங்கள் சங்கடம் நியாயமானது. அதற்கு வழி நேரத்தை மாற்றுவது. ஃபுரோசமைடு சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம்போல நீடிக்கும். வேலை முடிந்து மாலை மூன்று, நான்கு மணிக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சாப்பிட முடியாத நாளிலும், சித்திரை வெயிலில் ஒரேயடியாக வியர்த்துச் சுருண்டு போனாலும் மட்டும், போடுவதற்கு முன் ஒரு போன் செய்து கேளுங்கள்.

மூட்டு வலி, இடுப்பு வலி என்று மெடிக்கலில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடுவதை விட்டுவிடுங்கள். அவை உப்பையும் நீரையும் பிடித்து வைத்து, இந்த ஐந்து மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். வலிக்குப் பாராசிட்டமால்.

இந்துப்பு, கருவாடு

இது உங்கள் மனைவிக்கு. அம்மா, இந்துப்பும் உப்புதான். மண்ணுக்கடியிலிருந்து வெட்டி எடுத்தாலும், மரக்காணம் உப்பளத்தில் வாரி எடுத்தாலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். இந்துப்பு என்று நினைத்துத் தாராளமாகப் போட்டால் கணக்கு தப்பிவிடும். கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று பாக்கெட்டில் விற்பது இன்னும் ஆபத்து. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். உங்கள் வீட்டுக்காரர் சாப்பிடும் ஸ்பைரோனோலாக்டோனோடு அது சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். தினமும் இளநீர் கொடுப்பதும் இதே காரணத்துக்காக வேண்டாம்.

உப்பே போடாமல் சமைத்து, அவர் வாயில் வைக்க முடியாமல் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவதும் சரியில்லை. சாதாரண உப்பு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள், அதுவும் எல்லாப் பதார்த்தத்துக்கும் சேர்த்து. முதுநகரில் இருந்துகொண்டு கருவாட்டை விடு என்று சொல்வது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத் தெரியும், நெத்திலிக் கருவாட்டுக்கு நானும் அடிமை. ஆனால் கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் நான்கும் இப்போதைக்கு வேண்டாம். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்தாலும் உள்ளே ஏறிய உப்பு முழுவதும் இறங்காது. பச்சை மீன் தாராளமாகச் செய்யுங்கள். புளியும் மிளகும் பூண்டும் கூட இருந்தால் உப்புக் குறைவது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது.

அப்புறம் ஒரு எடை மெஷின் வாங்குங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, டீ குடிப்பதற்கு முன்னால் ஏறி நின்று பார்த்து, ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே எத்தனை தலையணை என்றும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். கால் வீங்குவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும்.

'எப்பவாவது'

ஐயா, ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. தினமும் அவ்வளவு, பதினைந்து வருடம். உங்கள் இதயத்தைத் தளர்த்தியது இதுதான் என்று கடிதத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் உங்கள் டாக்டருக்கு இது தெரிய வேண்டும். அவர் திட்டுவாரோ என்று மறைக்கிறீர்கள், உண்மையில் இது அவருக்கு நம்பிக்கை தரும் தகவல். காரணம் தெரியாத தளர்ச்சியை விட, குடியால் வந்த தளர்ச்சி குடியை நிறுத்தினால் சரியாகும் வாய்ப்பு அதிகம். ஆறு வாரத்தில் இரண்டு முறைதான் தொட்டேன் என்கிறீர்கள். தினமும் குடித்தவருக்கு அது சாதாரண விஷயமில்லை. அந்த இரண்டும் வேண்டாம். ஆல்பேட்டை தாண்டிப் புதுச்சேரி எல்லையில் முள்ளோடைக்குப் போனால் சரக்கு விலை குறைவு என்று கூப்பிடும் நண்பர்களிடம் உடம்பு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மறுபடி தினசரிக் குடிக்குப் போய்விட்டால், நிறுத்தும்போது டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்; திடீரென்று நிறுத்தினால் சிலருக்குக் கை நடுக்கமும் வலிப்பும் வரும்.

அதோடு குடிதான் காரணம் என்று முடித்துவிடவும் முடியாது, உங்கள் அண்ணன் இருக்கிறார். 41 வயதில் தூக்கத்தில் போனது இதயத் தசை நோயாக இருந்திருக்கலாம். இந்த நோய் குடும்பத்தில் இறங்கக்கூடியது. உங்கள் மகளுக்கும் மகனுக்கும் ஒரு இசிஜி, ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள். உடன்பிறந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் அவர்களுக்கும். கல்யாணப் பேச்சு நடக்கும் நேரத்தில் மகளுக்கு எக்கோவா என்று தயங்குவீர்கள். எடுப்பது அவளுக்காகத்தான், ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மனையை விற்கலாமா?

வேண்டாம். குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். அந்தக் கருவி, இதயம் தாறுமாறாகத் துடிக்க ஆரம்பித்தால் ஷாக் கொடுத்து உயிரைக் காப்பது. இதயத்தை அது வலுப்படுத்தாது. உங்களைப் போல் அடைப்பு இல்லாமல் தளர்ந்த இதயத்துக்கு, முழு மருந்தும் குறைந்தது மூன்று மாதம் கொடுத்த பிறகும் அந்த பம்ப் சதவீதம் 35க்கு மேல் ஏறவில்லை என்றால்தான் பொதுவாக அதைப் பற்றி யோசிப்பார்கள். நீங்கள் ஆறாவது வாரத்தில், அதுவும் நீர் மாத்திரையைப் பெரும்பாலான நாள் விட்டுவிட்டு இருக்கிறீர்கள். 2016இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், உங்களைப் போன்ற 1,116 பேரில் கருவி வைத்தவர்களுக்குத் திடீர் மரணம் பாதியாகக் குறைந்தது. ஆனால் மொத்த மரணங்களில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. வயது குறைந்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. நீங்கள் வயது குறைந்தவர்தான், அண்ணன் கதையும் இருக்கிறது. அதனால் கருவியே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அண்ணன் விஷயத்தை டாக்டரிடம் சொல்லுங்கள், மூன்று மாத எக்கோ வரட்டும், ஒரு தடவை ஜிப்மரில் இதய நோய்ப் பிரிவிலும் காட்டி இரண்டாவது அபிப்பிராயம் கேளுங்கள். இதற்கு முன்பே மயங்கி விழுந்திருந்தீர்கள் என்றால் மட்டும் காத்திருக்கும் கணக்கு மாறும்.

பணத்துக்கு வருகிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், உங்கள் சம்பளம் அதைத் தாண்டுகிறது. ஆனால் மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் 128 ரூபாய் இஎஸ்ஐ பிடிக்கிறார்களே, அதை ஏன் மறந்தீர்கள்? உயர் சிகிச்சைக்கும் அது உதவும், ஆனால் இஎஸ்ஐ மருந்தகத்தில் பதிந்து பரிந்துரைக் கடிதத்தோடு போக வேண்டும். பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, இஎஸ்ஐ டாக்டரின் சான்றிதழ் இருந்தால் சம்பளத்தில் 70 சதவீதம், 91 நாள் வரை கிடைக்கும். அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை நீட்டிப்பு உண்டு. இதயச் செயலிழப்பும் கார்டியோமயோபதியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதற்கு இரண்டு வருடத் தொடர் வேலை வேண்டும், உங்களுக்கு ஆறு ஆகிறது. உங்கள் சம்பளத்துக்கு அது மாதம் 13,600 ரூபாய்போல வரும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று பாக்கி: வண்டி ஓட்டலாமா? மூன்று தலையணை நிலையில் கூடாது. ஐஸ் பெட்டி தூக்கவே கூடாது. பிரிட்டனில் லாரி, பேருந்து ஓட்டுபவருக்கு இந்த பம்ப் சதவீதம் 40க்குக் குறையக்கூடாது என்று விதியே இருக்கிறது. ஸ்டியரிங்கில் நீங்கள் மயங்கினால் ரோட்டில் போகிறவர்களுக்கும் ஆபத்து. விடுப்பு எடுங்கள். மூச்சு சீரானதும் சில்வர் பீச் பக்கம் பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் நடங்கள். பேச்சு நின்றால் வேகம் அதிகம்.

கடைசியாக மருதம்பட்டை. மாத்திரைக்குப் பதிலாக அது நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கூடச் சாப்பிட ஆசைப்பட்டாலும் டாக்டரிடம் சொல்லாமல் வேண்டாம். அதிமதுரம் கலந்த கஷாயம் எதுவும் கண்டிப்பாகக் கூடாது, அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். மூன்று மாதத்தில் நிறுத்தலாமா என்ற கேள்விக்கு லண்டனில் 51 பேரை வைத்துச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். இதே நோய் வந்து, எக்கோ இயல்புக்குத் திரும்பி, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் அவர்கள். மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது எடை நோட்டு, மருந்துச் சீட்டு, இஎஸ்ஐ அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். தலையணைக் கணக்கை அவரே சொல்லட்டும், குவார்ட்டர் கணக்கை நீங்கள் சொல்லுங்கள்.